கோழிக்கூடு

இந்த ஊரில் சாலைக் குழிக்குக்
கோழிக்கூடு என்று பெயர்.
மொன்றியலில் மார்ச் பிறந்துவிட்டால்
எந்தக் கோழி எங்கே அடைகாக்கிறதென்று
நகரசபைக்கே தெரியாது.
பகலில் உருகிய பனி தார் விரிசலில் இறங்கும்,
இரவில் உறைந்து தோளை அகட்டும்,
காலையில் மறுபடி உருகி
அடிமண்ணையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.
மேலே மிஞ்சுவது அப்பளக் கனத்தில் தார்.
அதன்மேல் முதல் லாரி.
அடுத்து நான்.

பதினெட்டு அங்குல அலாய் சக்கரம்
போன கோடையில் ஆசைப்பட்டு வாங்கியது.
ஐந்து ஆரம், கறுப்புப் பூச்சு, விளிம்பில் வெள்ளி நூல்.
குளிர்கால டயரையும் அதன்மேலேயே மாட்டினேன்,
ரிப்பன் சுற்றியதுபோல ஒல்லியாக.
பக்கவாட்டில் நாற்பது என்று எழுதியிருந்தது.
என் வயது என்று சொல்லிச் சிரித்தேன்.

நொவேமி சிரிக்கவில்லை.
திங்கள், புதன், வெள்ளி,
விடிகாலை ஐந்தே முக்காலுக்கு அவளை ஏற்றி
டயாலிசிஸுக்குக் கொண்டுபோவது என் வேலை.
முப்பத்துநாலு வயது.
ஊசி ஏறும் இடக்கையை
யாரோ பார்த்துக்கொள்ளச் சொன்ன பொருள்போல
மடியில் வைத்திருப்பாள்.
சாலையை எனக்கு முன்பே படித்துவிடுவாள்.
"இடது."
"இடது, லூசியன்."
"பாலத்துக்கு அடியில் இரண்டு."
நான் திருப்புவதற்குள்
டமாலென்று ஒன்று முதுகுத்தண்டில் ஏறும்,
இருவருக்கும்.

ஜனவரியில் ஒரு ரிம் வளைந்தது.
பிப்ரவரியில் இன்னொன்றில் மயிரிழைக் கீறல்,
இரவெல்லாம் காற்று பெருமூச்சு விட்டுக் காலையில் தரையில்.
மார்ச்சில் முன்வலது டயரின் கன்னத்தில்
முட்டை அளவு வீக்கம்.
"கூடு இருந்தால் முட்டை இருக்கும்தானே"
என்றாள் டயர்க்கடை கிஸ்லேன்,
கட்டைவிரலால் அதை அமுக்கிப் பார்த்தபடி.
"உள்ளே நூல் அறுந்துவிட்டது.
இனி இதில் நீ ஓட்டுகிற ஒவ்வொரு மைலும் கடன்."

நிமிர்த்த முடியாதா என்றேன்.
"அலாய் ரோஷக்காரன்.
நிமிர்த்தப் போனால் உடைவான்.
எஃகு அப்படியில்லை, சுத்தியலோடு பேசுவான்."
பிரேக் இடிக்கிறதா என்று
பதினாறு அங்குலச் சக்கரமொன்றை வைத்துப் பார்த்தாள்.
இடிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.
"வெளிவட்டம் மாறாது. சக்கரம் சுருங்கும், ரப்பர் வளரும்.
இதோ, ஒரு விரற்கடை.
இந்த ஒரு விரற்கடைக்குத்தான் நீ காசு தருகிறாய்."
காற்றைக் குறைத்தால் இன்னும் மெத்தென்று இருக்குமே என்றேன்.
"ரிம் தரையை முத்தமிடும்.
கதவோரம் ஒட்டியிருக்கிற எண்ணைப் படி.
படித்தாயா இதுவரை?"
படித்ததில்லை.

புது டயரில் ஐம்பத்தைந்து.
ஒரே மதியத்தில் பதினைந்து வயது கூடிப்போனது.
கறுப்பு எஃகு, வட்ட ஓட்டைகள்,
சோறு வடிக்கலாம்.
மைத்துனன் தொனாசியான்
வண்டியை ஒருமுறை சுற்றிவந்து
"யார் செத்தது?" என்றான்.
பழைய நாலையும் விற்கலாமென்று பார்த்தால்
இரண்டுதான் உருண்டை.

புதன்கிழமை மழை.
நோத்ர-தாம் தெரு நெடுக
தெருவிளக்கைக் குடித்துக்கொண்டு தேங்கிய நீர்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது
கால் உள்ளவர்களுக்கு.
நான் பின்சீட்டின் குரலுக்குக் காத்திருந்தேன்.
வரவில்லை.
முன்வலது இறங்கியது.
தொம்.
அவ்வளவுதான், டமால் இல்லை,
மூட்டையை யாரோ பத்திரமாக இறக்கிவைத்த மாதிரி.

கண்ணாடியில் பார்த்தேன்.
நொவேமி தூங்குகிறாள்.
வாய் லேசாகத் திறந்திருக்கிறது,
அந்தக் கை மடியிலிருந்து நழுவி
சீட்டின்மேல் சும்மா கிடக்கிறது.
பதினான்கு மாதத்தில்
அவள் முகத்தைத் தூக்கத்தில் பார்த்ததில்லை.

வேகத்தைக் குறைத்தேன்.
வைப்பரையும் குறைத்தேன், சத்தம் போடுகிறது என்று.
ஆஸ்பத்திரி வரைக்கும்
உதடு மட்டும் அசைய
நானே சொல்லிக்கொண்டு போனேன்:
இடது.
இடது, லூசியன்.
பாலத்துக்கு அடியில் இரண்டு.