நான்கில் இரண்டு

விப்கே எண்ணும் நோய்களுக்கு நாள் கிடையாது.
திங்களும் இல்லை, செவ்வாயும் இல்லை,
காலாண்டுதான்.
யாருடைய மூக்கோரம் ஆறாமல் கசிந்தது,
யார் மனைவி கண்டு சொன்னாள்,
டாக்டர் எந்த விளக்கைச் சாய்த்துப் பார்த்தார்,
எல்லாம் மூன்று மாதச் சாக்கில் கொட்டிக் கட்டி
ரோஸ்டாக் நகரத்து இந்த மூன்றாம் மாடிக்கு
பில்லாக வந்து சேரும்.

பணம் பட்டுவாடா செய்ய எழுதியவை.
ஆராய்ச்சிக்கென்று யாரும் எழுதவில்லை.
மளிகைக் கடைப் பற்று நோட்டை வைத்து
ஊரின் பசியை அளப்பதுபோல
இவள் பால்டிக் கரையின் தோலை அளக்கிறாள்.

மெய் என்றால் உடம்பு. மெய் என்றால் உண்மை.
இரண்டுக்கும் நடுவே
ஒரு கட்டண எண்.

சி 44: தோலின் பிற புற்றுகள்.
மெலனோமாவுக்குத் தனி எண், தனிப் பெயர்,
தனியாக ஒரு பயமும் உண்டு.
இது வெறும் 'பிற',
தேர்தல் முடிவுப் பட்டியலின் கடைசி வரி மாதிரி.
அந்தக் கடைசி வரிதான்
வருடா வருடம் எல்லா வரியையும்விட நீளம்.

எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து ஒட்டியிருக்கும்.
உறுதி. சந்தேகம். இல்லை. முன்பு இருந்தது.
மனிதர்கள் இவ்வளவு தெளிவாகப் பேசியிருந்தால்
எனக்கு விவாகரத்தே ஆகியிருக்காது, என்று
ஹென்னிங்கிடம் ஒருமுறை சொன்னாள்.
அவன் திரையிலிருந்து கண்ணெடுக்காமல்
"சந்தேகம்" என்றான்.

2020, இரண்டாம் காலாண்டு.
ஏறிக்கொண்டே வந்த கோடு
கயிறு அறுந்த வாளியாக விழுகிறது.
நிர்வாகத்திலிருந்து ஒருவர் கேட்டார்:
"குறைந்திருக்கிறதே, நல்ல சேதிதானே?"
அந்த ஏப்ரல் விப்கேவுக்கு நினைவிருக்கிறது.
வானத்தில் துணுக்கு மேகம்கூட இல்லை.
கிளினிக் வாசலில் மட்டும் ஒரு நாடா கட்டியிருந்தது.
வெயில் விடுப்பு எடுக்கவில்லை, பில்தான் எடுத்தது
என்று பதில் எழுதினாள்.
பிறகு அதை அழித்துவிட்டு
'சேவைப் பயன்பாட்டுக் குறைவு காரணமாகலாம்'
என்று அனுப்பினாள்.

விதி ஒன்று உண்டு.
நான்கு காலாண்டில் இரண்டிலாவது
'உறுதி' என்று வந்தால்தான் நோயாளி.
ஒருமுறை மட்டுமென்றால்
யாரோ கைதவறித் தட்டியிருக்கலாம்.
நல்ல விதி. அவளே போட்டது.

நேற்று, விதிக்கு வெளியே விழுந்தவர்களைப்
புரட்டிக்கொண்டிருந்தாள்.
ஆண். பிறப்பு 1962. தொழில்: கூரை வேய்தல்.
வசந்தத்தில் வெற்றிடம்.
கோடையில் வெற்றிடம்.
கடைசிக் காலாண்டில் சி 44, உறுதி.
காது மடல் அகற்றல். கழுத்துக் கணுக்கள்.
பிறகு, காப்பீடு முடிவு.
இதற்கு மட்டும் நாள் போட்டிருந்தது:
ஜனவரி 19.
நாட்காட்டியில் பார்த்தாள், செவ்வாய்.

இரண்டாவது காலாண்டுக்கு அவர் இருக்கவில்லை.
விதிப்படி
அவருக்குப் புற்றே கிடையாது.

"ஒருத்தருக்காக வரையறையை மாற்ற முடியாது"
என்றான் ஹென்னிங்.
"ஒருத்தர் இல்லை."
"எத்தனை பேர்?"
"இனிமேல்தான் எண்ணணும்."

'அல்லது' என்று ஒரு வரி சேர்த்து
நிரலை ஓடவிட்டாள். நாற்பது நிமிடம் ஆகும்.
இருபத்தாறு லட்சம் பேர், பெயரில்லாமல்,
ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும்.
அவளும் அதில் எங்கோ ஒரு வரிசை.
போன மாதம் தோளில் ஒரு புள்ளியைக் காட்டிவிட்டு வந்தாள்.
எந்த எழுத்து விழுந்ததோ,
தேடிப் பார்க்க அவளுக்கே அனுமதி இல்லை.

எதிர்க் கட்டிடத்தில் சாரம் கட்டியிருக்கிறார்கள்.
கூரைமேல் ஓர் இளைஞன் ஓடு அடுக்குகிறான்.
விளிம்புத் தொப்பியைப் பின்பக்கம் திருப்பிவிட்டிருக்கிறான்;
காதுகள் இரண்டும் வெளியே,
மாலை வெயில் ஊடுருவிச் சிவந்து.
விப்கே ஜன்னலைத் திறந்து
கைகளைக் குவித்துக் கத்தினாள்:
"தொப்பி! தொப்பி!"
தெருவில் டிராம் போனது.
அவன் நிமிர்ந்து பார்த்தான், சிரித்தான்,
தொப்பியைக் கழற்றி
அவளை நோக்கி ஆட்டினான்.