ஏறாத முள்

கொதிக்கிற வண்டிகள்தான் என்னிடம் வரும்.
கோட்டைவாசல் ஏற்றத்தில் திணறி, பானட்டைத் தூக்கிக்கொண்டு,
குடம் குடமாய்த் தண்ணீர் கேட்டு.
ஓமனக்குட்டனின் குவாலிஸ் வேறு மாதிரி வந்தது.
"சூடே ஆகல்ல, அண்ணாச்சி."

பஞ்சர் ஒட்ட நின்ற லாரிக்காரன் சிரித்தான்.
கொடுத்து வச்சவன்டே நீ என்றான்.

ஆனால் பன்னிரண்டு கொடுத்த வண்டி ஒன்பதுதான் கொடுக்கிறதாம்.
காலையில் வெள்ளைப் புகை.
சாரலில் முன்கண்ணாடி மூடிக்கொள்ள,
ஹீட்டரைப் போட்டால் அதுவும் சாரல் காற்றையே ஊதுகிறது.
முந்திரி ஆலைக்குப் போகும் எட்டுப் பெண்கள்
தோட்டெண்ணெய் சுட்டுக் கறுத்த விரல்களால்
மாறி மாறித் துடைத்துக்கொண்டே போகிறார்கள், புனலூர் வரை.
ரேடியேட்டர் முன்னால் அவனே ஓர் அட்டையைக் கட்டியிருந்தான்,
பிஸ்கட் பெட்டி அட்டை. ஊறித் தொங்கியது.

ராத்திரி விட்டுட்டுப் போ என்றேன்.
ஆறின எஞ்சினிடம்தான் இதைக் கேட்க முடியும்.

ஐந்து மணி. புளியரை இன்னும் விழிக்கவில்லை.
எண்ணெய் மூடியைத் திருகினால்
உட்புறம் பாலேடு போல் வெளுத்த கசடு,
நாள்கணக்கில் உலராத வியர்வை.
முதலில் முள்ளைத்தான் சந்தேகப்பட்டேன்.
சென்சார் ஒயரைக் கழற்றி இரும்பில் தொட்டதும்
விருட்டென்று ஓடிக் கடைசியில் முட்டியது.
பாவம், அது உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்டார்ட் செய்துவிட்டு மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
நல்ல எஞ்சினில் அது வெகுநேரம் ஜில்லென்று கிடக்கும்.
உள்ளே ஒரு கதவு சாத்தியிருக்கும்.
தண்ணீர் அங்கேயே சுற்றிச் சுற்றிச் சூடேறி
எண்பத்திரண்டைத் தொட்டால் கதவு விலகும்,
சட்டென்று கை சுடும்.
இதில் ஆரம்பத்திலிருந்தே வெதுவெதுப்பு.
மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஒரே வெதுவெதுப்பு.

தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தேன்.
காலி.
வட்டமாய் நிலை மட்டும் இருந்தது.

"எந்த மடையன் ஊரினது?"
எப்போது வந்தானோ, தோளுக்குப் பின்னால் ஓமனக்குட்டன்.

கழற்றிய போல்ட்டில் அளவு சேராத வாஷர், இரண்டு.
ஒன்று போதாதென்று இரண்டு போடுகிறவன்
இந்தச் சாலையில் ஒருத்தன்தான்.

நாலு வருஷம் முன்னால், சித்திரை.
இதே வண்டி, வேறு ஓனர், கொதித்துக்கொண்டு வந்தது.
நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு என்று
பிடுங்கிப் போட்டேன். நூறு ரூபாய்.
அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஸ்பிரிங் வைத்த அந்தப் பித்தளைத் தட்டு
பில் புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.
அன்றிலிருந்து அதைத் தூக்கித் தூக்கித்தான் எழுதுகிறேன்.

செய்யதலி கடை அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீர் கேட்டேன்.
நூலில் கட்டி இறக்கினேன்.
"ஏலக்காய் தட்டிப் போடவா?" என்றான்.
வேலைக்குக் கிளம்பி வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள்.
தண்ணீர் முணுமுணுத்தது. கொதி வருவதற்குச் சற்று முன்னால்
அது மெல்ல வாய் திறந்தது.
"மீன் மாதிரி" என்றாள் ஒருத்தி.
தூக்கிப் பிடித்தேன். காற்று பட்டு மூடிக்கொண்டது.
அதற்கு ஒரு குறையும் இல்லை.
அன்றைக்கும் இருந்திருக்காது.

மாட்டினேன். வாஷர் ஒன்றே ஒன்று.
கேஸ்கெட் நாற்பது என்று எழுதி
கூலிக்கு நேரே கோடு இழுத்தேன்.
"கூலி, அண்ணாச்சி?"
"அந்த மடையன் கொடுத்துட்டான்."
என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். பெண்கள் அவசரப்படுத்தினார்கள்.

தென்மலையிலிருந்து போன்.
"அண்ணாச்சி, முள்ளு நடுவுல நிக்குணு.
எறங்கவே இல்ல. கொழப்பம் உண்டோ?"
இல்லை, அது நிற்க வேண்டிய இடம் அதுதான் என்றேன்.
நம்பாமல் வைத்தான்.

கணவாய்க் காற்று ஷெட்டுக்குள் புகுந்து
பில் புத்தகத்தைப் பின்பக்கமாகப் புரட்டுகிறது.
மேலே வைக்க ஏதாவது தேடுகிறேன்.