சொரசொரப்பு எண்

அறுபது விடைத்தாள்.
ஆற்றுப் படுகை தண்ணீரை
எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்று சொல்லும் எண்
ஐம்பத்தெட்டில் சரி.
இரண்டில் தவறு,
அதுவும் ஒரே தவறு:
முப்பத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில்
ஐம்பத்து மூன்று.

"காப்பி," என்றான் உதவி விரிவுரையாளன் வாக்தாங்.
சிவப்பில் வட்டமிட்டு
என் மேசையில் அருகருகே வைத்தான்,
அடையாள அணிவகுப்பில் நிறுத்துவதுபோல.
"சரியாக எழுத ஒரே வழிதான், மேடம்.
தவறுக்குத்தான் ஆயிரம்.
ஆயிரத்தில் அதே ஒன்று
இருவருக்கும் எப்படி வாய்க்கும்?"

நியாயமாகத்தான் பட்டது.
நீரியல் நடத்துகிறவள் நான், இருபத்தாறு வருடமாக.
இரண்டு ஓடையில் ஒரே நிறத்துக் கலங்கல் வந்தால்
மேலே எங்கோ ஒரே கரை இடிந்திருக்கிறது
என்று வகுப்பில் சொல்கிறவள்.
மேலே போய்ப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு.

குட்டாயிசியில் அந்த வாரம் முழுக்க மழை.
விசாரணை இரண்டாம் மாடியில்,
வெப்பமூட்டி செத்துப்போன அறையில்,
கோட்டைக் கழற்றாத ஐந்து பேராசிரியர்கள் முன்னால்.
தம்தா வந்தாள், நனைந்த குடையோடு.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கடைசிவரை பிடித்துக்கொண்டே நின்றாள்.
ரேவாஸ் வந்தான், ஸ்வனேத்தி மலைக்காரன்,
தரையைப் பார்த்தே பேசுகிறவன்.
தரையைப் பார்த்தான் என்பதையும்
குறித்துக்கொண்டார் செயலர்.

"யாரைப் பார்த்து யார் எழுதியது?"
என்றார் டீன்.
ஒருத்தி ஜன்னலோரம், ஒருவன் கதவோரம்,
நடுவில் பதினோரு வரிசை என்றார் ஒருவர்.
சைகை இருந்திருக்கலாம் என்றார் இன்னொருவர்.

ரேவாஸ் பையிலிருந்து நோட்டை எடுத்தான்.
கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டு.
பென்சிலில் தேதி: நவம்பர் பத்தொன்பது.
கீழே என் வாக்கியம், என் உதாரணம்,
என் பழைய நகைச்சுவைகூட.
அதற்கும் கீழே, இருமுறை கோடிட்டு,
0.053.

நவம்பர் பத்தொன்பது.
மினிபஸ் ஓட்டுநர்களின் வேலைநிறுத்தம்.
பதிவேட்டைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.
அறுபது நாற்காலி, இரண்டு பேர்.
சாக்பீஸ் நமுத்திருந்தது.
இரண்டே பேருக்கு எதற்கு இவ்வளவு என்று
பாதிக் கவனத்தில் எழுதினேன் கரும்பலகையில்.

மற்றவர்கள் அன்று வரவில்லை.
என் தவறு அவர்களைச் சென்று சேரவில்லை.
சரியான எண் மட்டும் எங்கிருந்து சேர்ந்தது?
தாள்களை வாங்கி மறுபடி புரட்டினேன்.
அதே வாக்கியம்,
அதே இடத்தில் முற்றுப்புள்ளி,
நடுவே மொழிபெயர்க்க மறந்த
அதே ரஷ்யச் சொல்,
நாற்பது தாளுக்கு மேல்.
தேர்வன்று கழிப்பறைக்கு அப்படியொரு வரிசை.
குளிருக்கு என்று நினைத்திருந்தேன்.

சரியான விடையிடம்
நீ எங்கிருந்து வருகிறாய் என்று
யாரும் கேட்பதில்லை.

"யாரைப் பார்த்து?" டீன் மறுபடி கேட்டபோது
"என்னைப் பார்த்து," என்றேன்.
யாரோ சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.
இதை எப்படி எழுதுவது என்று
பேனாவை உயர்த்தினார் செயலர்.

இருவர்மீதும் நடவடிக்கை இல்லை.
மீதி ஐம்பத்தெட்டைப் பற்றி ஆரம்பித்தேன்.
"அவர்கள் எழுதியது சரிதானே,"
என்றார் டீன், மஃப்ளரைச் சுற்றிக்கொண்டே.

வெள்ளைப் பாலத்தில் தம்தா எனக்கு முன்னால்
போய்க்கொண்டிருந்தாள்.
கீழே ரியோனி, செம்மண் கரைத்து,
தன் எண் எதுவென்று தெரியாமலே
கற்களில் உரசிப் போனது.
நின்று திரும்பினாள்.
"சரியான எண் எது, மேடம்?
உள்ளே யாரும் சொல்லவே இல்லை."

சொன்னேன்.
நான் வாய் திறந்தாலே எழுதிக்கொள்கிற பெண்.
எழுதவில்லை.
"அட்டவணையில் பார்த்துக்கொள்கிறேன்,"
என்றாள், மரியாதையாக,
குடையை விரித்தபடி.