கைபிடி: இல்லை

தொண்டைமானாறு, காலை பதினொரு மணி.
படிவத்தில் நான்கு நிரல்கள்:
பொருள், எண்ணிக்கை, நிலை, பெறுமதி.
ஏலத்துக்கு முன்னே கணக்கெடுக்க அனுப்பினார்கள்.
பார்க்க அல்ல.

இந்தப் பக்கம் கடல்,
அந்தப் பக்கம் ஏரி,
நடுவே பாலத்தடியில் வரிசையாய் மதகுகள்,
பல் விழுந்த வாய்போல என்று நினைக்கப்போய்
நிறுத்திக்கொண்டேன்.
பல் இருக்கிறது. சக்கரம் முழுக்கப் பல்.
ஒன்றையொன்று கடித்த வாக்கில்
கடைசியாய் எந்தச் சுற்றில் நின்றனவோ
அந்தச் சுற்றிலேயே துருப்பிடித்திருக்கின்றன.

கதவு, இரும்பு: பதினொன்று.
மூன்றுக்கு அடித்தகடு இல்லை.
அதற்குள்ளால் கடல் போகிறது, வருகிறது,
ஒருவரிடமும் கேட்கவில்லை.

திருகுதண்டு: ஒன்பது.
எட்டும் செங்கல் நிறம்.
ஒன்பதாவதில் கிறீஸ்.
தொட்ட விரலில் கறுப்பு ஒட்டிற்று.
'ஆர் இதுக்குக் கிறீஸ் போடுறது?'
தூண்டிலோடு இருந்த பொடியன்
மிதப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்:
'ஆரோ.'

வார்ப்பிரும்பில் எழுத்துகள்.
முதற்பாதியை உப்புத் தின்றுவிட்டது.
கையால் தடவி வாசித்தேன்:
...ன்ட் சன்ஸ்.
புகை மண்டிய எந்த ஊரிலோ
ஒரு தகப்பன் தன் பெயரை ஊற்றி
மகன்மாரையும் அதற்குள் ஊற்றியிருக்கிறான்.
இப்போது அவன் பெயர் போய்விட்டது,
மகன்மார் மட்டும் மிச்சம்,
அவர்களுக்கும் தனித்தனிப் பெயர் இல்லை.
எங்கள் பக்கத்தில் நடப்பது மறுவளமாக.
இதை எழுத நிரல் இல்லை.

ஒவ்வொரு கதவின் தலையிலும் ஒரு சதுரத் துளை.
அதில் கொழுவிச் சுற்றும் கைபிடி
எங்கும் காணவில்லை.

தில்லைநாயகியின் தேத்தண்ணிக் கடையில்
இரண்டு மேசை, இரண்டு கட்சி.
'மாரி முடிஞ்சா மூடவேணும், என்ரை கிணறு
போன வருசமே கரிச்சுப்போச்சு.'
'மூடினால் இறால்குஞ்சு எங்காலை ஏறும்?
உன்ரை வெங்காயத் தறைக்குள்ளாலையோ?'
இருபது வருடமாய் இதே சண்டையாம்.
மூடாத கதவுகளைப் பற்றி,
திறக்காத கதவுகளைப் பற்றி.

கை கழுவப் பின்பக்கம் போனேன்.
பின்கதவுக்குக் குறுக்கே
இரண்டு கொளுக்கியில் படுத்திருந்தது
ஒரு முழ நீள இரும்பு,
முனை சதுரம்,
பிடி தேய்ந்து வெள்ளியாய் மின்னியது.

கண்டதை அவர் கண்டார்.
'தொண்ணூறிலை வேலைக்காரர்
போட்டிட்டு ஓடினது, பிள்ளை.
அண்டையிலயிருந்து
அதைப் போடாமல் எனக்கு நித்திரை வராது.'
'ஒருத்தரும் கேக்கேல்லையோ?'
'ரெண்டு பகுதியும் கேட்டவை.
ரெண்டு பகுதிக்கும் இல்லையெண்டனான்.'

ஆறடிக் கதவுகளைத் தூக்கப் பிறந்தது
ஒரு பலகைக் கதவை அடைத்துக் கிடக்கிறது
என்று எனக்குச் சிரிப்பு வந்தது.
பிறகு தேத்தண்ணி வந்தது.
கிளாஸின் வெளிப்பக்கம் ஒரு கறுப்பு விரலடையாளம்.
என் விரலைப் பார்த்தேன், கழுவியாயிற்று.
வாங்குக்குக் கீழே பார்த்தேன்.
பால்மா ரின் ஒன்று,
மூடி இறுக்கி, மேலே தேங்காய்ப்பொச்சு.

அவர் வானொலியைக் குறைத்தார்.
'இரவைக்குப் பெருமழையாம்'
என்றார், என்னைப் பார்த்தல்ல,
கடலையும் பார்த்தல்ல.
மேசைக்காரர் இன்னும்
போன வருச இறாலில் நின்றார்கள்.

கதவு, இரும்பு: பதினொன்று. பழுது.
கிலோவுக்கு இவ்வளவு.
திருகுதண்டு: ஒன்பது. பழுது.
எட்டு என்று திருத்தப்போய் விட்டுவிட்டேன்.
பேனை கொஞ்சம் மக்கர் பண்ணிற்று.
ஊதி, உள்ளங்கையில் கீறிப் பார்த்து,
கடைசி வரிசையை நிரப்பினேன்.

வல்வெட்டித்துறைப் பக்கம் வானம்
ஏற்கனவே இருண்டிருந்தது.
தேத்தண்ணிக்குக் காசு வாங்க மறந்துபோனார்,
அல்லது மறக்கவில்லை.
பஸ் வந்தது.