வெளிச்சச் சோதனை

உள்ளே போய்விட்டுக் கதவைச் சாத்தச் சொல்வேன்.
தூத்துக்குடியிலிருந்து பெட்டியை ஓட்டி வரும் ரெக்சன்
ஒவ்வொரு தடவையும் கேட்பார்:
"நெசமாத்தான் சொல்லுதியளா?"
தாழ்த்தண்டு திரும்பி விழும்.
அப்புறம் நாற்பதடி இருட்டு.

கண் பழக ஐந்து நிமிஷம்.
யாரோ எப்போதோ ஏற்றிய வெங்காயம்,
பெயின்ட், ரப்பர், உப்புக்காற்று
ஒவ்வொன்றாக மூக்குக்கு வரும்.
பிறகு கூரை மூலையில்
ஒரு கடுகளவு பகல்.
கடுகளவு போதும்.
மழைக்கும் அதுதான் வாசல், வண்டுக்கும் அதுதான்.
சாக்பீஸால் வட்டம் போட்டு வைப்பேன்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி எங்கள் கிடங்கு.
வெளியே கிழங்குத் தண்ணீர் புளிக்கும் வாடை,
களம் முழுக்கக் கண் கூசும் ஜவ்வரிசி,
வடக்கே இடுப்பில் மேகம் சுற்றிய சேர்வராயன் மலை.
இதெல்லாம் பெட்டிக்குத் தெரியாது.
அதற்குத் தெரிந்தது போன சரக்கு மட்டும்.

இன்றைக்குக் காலையில் வந்ததில் ஓட்டை இல்லை.
கழுவியதாகச் சான்றிதழ் கதவில் ஒட்டியிருந்தது.
தரைப்பலகை ஒன்று மட்டும்
மிதித்தால் லேசாக முனகியது.
திருப்புளியால் நெம்பினேன்.
ஐந்து கோதுமை.
பக்கத்தில் பழுப்பாய், மயிராய்,
கழற்றிப் போட்ட சட்டைகள்.
சட்டைகளுக்கு நடுவே ஒன்று
டார்ச் வெளிச்சம் பிடிக்காமல்
நகர்ந்தது.

பட்டினி கிடந்தே வருஷங்களைக் கழிக்கிற புழு அது.
எந்தத் துறைமுகத்தில் ஏறியதோ,
எத்தனை கடல் கடந்ததோ,
சாப்பாடு வரும் என்று
ஒரு பலகைக்கடியில் அத்தனை நம்பிக்கை.
எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை.
குப்பியில் போட்டு மூடினேன்.
படம் எடுத்தேன்.
"ஏற்றக்கூடாது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மேனேஜர் அர்த்தநாரி கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு
"இதுக்கா, மேடம்?" என்றார்.
"இதுக்குத்தான்."
அஞ்சு கோதுமைக்காகக் கப்பலை விட்டவங்க நாமதான் என்று
கணக்குப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே போனார்.
நான் போன தை மாதத்தை நினைத்தேன்:
கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்த ஒரு பெட்டி,
அடிச்சட்டத்தில் ஒட்டிப் போன ஒரே ஒரு நத்தை.
அந்தத் தாளிலும் என் கையெழுத்து இருந்தது.
அதற்குப் பிறகுதான்
வீட்டில் முகம் பார்த்த கண்ணாடியைக் கழியில் கட்டினேன்.
இப்போது அதில் தெரிவது
காய்ந்த சேறு, குளவி கட்டிய மண்வீடு,
தலைகீழாக ஒரு சிலந்தி.

மாற்றுப்பெட்டி வர நாலு மணி ஆனது.
சுமைக்காரர்கள் வேப்பமர நிழலோடு
நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள்.
கூலி மூட்டைக்கு இவ்வளவு என்றுதான்.
காத்திருப்புக்கு விலை கிடையாது.
செல்லாண்டி என்னைப் பார்க்காமல்
தள்ளிப் போய்ப் பீடி பற்றவைத்தார்.

இரண்டாவது பெட்டியிலும் கதவைச் சாத்தச் சொன்னேன்.
இருட்டு.
ஒரு பொட்டுகூட இல்லாத முழு இருட்டு.
வேலை முடிந்த பிறகும் கொஞ்சம் நின்றேன்.
அது சோதனையில் சேராது.

முதல் வரிசை ஏறி முடித்தபோது
தலைச்சும்மாட்டை அவிழ்த்துக்கொண்டே செல்லாண்டி,
"ஏம்மா, உங்க கால்ல பாருங்க" என்றார்.

காலையில் பஸ்ஸைப் பிடிக்கக்
குப்பனூர் அடிவாரத்துப் புதர் வழியே
குறுக்கே ஓடி வந்திருந்தேன்.
பேன்ட் மடிப்பில் நாயுருவி.
ஏழு விதை.
கிளம்பும்போது எட்டா, எண்பதா?
மலை என்னைக் கேட்காமலே
என் காலில் டிக்கெட் எடுத்திருக்கிறது.

அடுக்கிய மூட்டைகளைப் பார்த்தேன்.
அவர்கள் என்னைப் பார்த்தார்கள்.
"இறக்குங்க" என்றேன்.

"எறக்குற மூட்டைக்கும் கூலி உண்டுங்களா?"

உண்டு என்றேன்,
யார் தருவதென்று யோசிக்காமல்,
பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு.