இருபத்திரண்டாம் நாள்

ஞாயிறு பத்தரை மணிக்குப் போயின.
மொட்டைமாடி முழுக்க
தூரத்தில் ரயில் வருகிற இரைச்சல்.
ரூபாவதி அக்கா காயப்போட்ட வாளைக் கருவாட்டின் மேல்
புள்ளிப் புள்ளியாய் நிழல் சுற்றியது.
பிறகு எதிரே ஈபி கம்பத்தில்
பலாப்பிஞ்சு அளவுக்குத் திரண்டு தொங்கின.

தீயணைப்புக்குப் போன் போடு என்றார்
இரண்டாம் மாடி எட்டியப்பன்.
கொட்டாது சார்,
காவல் காக்க இப்போ அதுகளுக்கு வீடே இல்லை என்றேன்.
நாலு மணிக்குப் பார்த்தால் கம்பம் வெறும் கம்பம்.
எண்ணூர்க் கழிமுகத்தில் கண்டல் மரப் பொந்து கிடைத்திருக்கலாம்,
அல்லது மணலியில் எவரும் திறக்காத மீட்டர் பெட்டி.

போனது பழைய ராணி.
வீட்டை, தேனை, அறைக்குள் நெளியும் பிள்ளைகளை
முகமே பார்க்காத மகளுக்கு விட்டுவிட்டு
பாதிக் கூட்டத்தோடு அம்மாக்காரி கிளம்பிவிட்டாள்.
எங்கள் வீட்டில் பெட்டி கட்டியது நான்தான்.
தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர்,
ஒரே பஸ்.

சரி, இருக்கிறவற்றைப் பார்ப்போம்.

மூடியைத் திறந்து சட்டங்களைத் தூக்கினேன்.
கை எதிர்பார்த்த கனம் இல்லை.
அடையின் அடி விளிம்பில்
தோல் உரிக்காத வேர்க்கடலை போல
ஏழு ராணி அறைகள்.
ஏழையும் விட்டால்
ஒருத்தி பிறக்கப் பிறக்க ஒரு கூட்டம் கிளம்பும்.
கடைசியில் ஒரு கைப்பிடி ஈயும்
மெழுகுப் புழுவும்தான் மிச்சம்.
இரண்டை வைத்துக்கொள், ஐந்தை எடு.

சொல்ல எளிது.
நான் ஹார்பர் ஜீரோ கேட்டில்
கன்டெய்னர் சீல் பார்க்கிறவள்.
உடைந்திருந்தால் எழுதுவேன்,
பதினோரு வருடத்தில் ஒன்றைக்கூட உடைத்ததில்லை.
முனையில் மெழுகு உரிந்து பழுப்பு தெரிந்த இரண்டை விட்டேன்.
மற்ற ஐந்தையும் கட்டைவிரலால்.
கடைசியில் ஒன்றுக்குக் கண் வந்திருந்தது.
கையை மூன்று முறை கழுவினேன்.

ஈ மொய்க்காத மூன்று அடைகளை
தினத்தாளில் சுற்றி
ரூபாவதி அக்காவின் பிரிட்ஜில்
வஞ்சிரத்துக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவில் வைத்தேன்.
புழு முட்டை குளிரில் செத்துப்போகும்.
என்னாடி இது கண்றாவி என்றவள்
இடம் ஒதுக்கித் தந்தாள்.
பெட்டி வாசலை இரண்டு ஈ போகிற அளவுக்கு அடைத்தேன்.
கால் கிண்ணங்களில் எறும்புக்குத் தண்ணீர்.
பொழுது சாய்ந்தபின் ஒன்றுக்கு ஒன்று சர்க்கரைப் பாகு,
பகலில் வைத்தால் ஊர்த் தேனீயெல்லாம் கொள்ளைக்கு வரும்.

அப்புறம் செய்யவேண்டியது,
ஒன்றும் செய்யாமல் இருப்பது.

மூன்று வாரம் திறக்கக்கூடாது.
காலை ஷிப்டுக்கு முன்னால்
பலகையில் காது வைத்துக் கேட்பேன்.
ஏதோ மதியம், ஏதோ ஒரு வெயிலில்
புது ராணி ஆண்களைத் தேடி வெளியே போயிருக்க வேண்டும்.
திரும்பினாளா?
எங்கள் வானம் அப்படி ஒன்றும் நல்ல வானம் இல்லை.
கரிச்சான் உண்டு, பஞ்சுருட்டான் உண்டு,
சில நாள் மணலிக் காற்றில் அழுகிய முட்டை நாற்றம்.
லாரி வரிசையில் நின்றுகொண்டு
சீல் நம்பர் எழுதும்போது
இரண்டு தடவை மேலே பார்த்தேன்.
டிரைவர் ஒருவர், என்னாக்கா மழையா என்றார்.

இருபத்திரண்டாம் நாள் காலை
தோளுக்குப் பின்னால் சூரியனை வைத்துத் திறந்தேன்.
முதல் சட்டத்தில் மகரந்தம்,
சீமைக்கருவேலமோ என்னவோ, வெளிறிய மஞ்சள்.
இரண்டாவதில் காலி அறைகள்,
நக்கித் துடைத்து மினுங்கின.
மூன்றாவதில் என் கண்ணாடிக்கு எதுவும் பிடிபடவில்லை.

வேடிக்கை பார்க்க வந்த எட்டியப்பன்
போன் டார்ச்சை அடித்துக் குனிந்தார்.
வெள்ளையா, நூல் பிசிறு மாதிரி
குத்துக்கல்லா நிக்குதும்மா.

ஒரு அறையில் எத்தனை? கூட இருந்தால்
ராணி இல்லை, வேலைக்காரிகள் இடுகிறார்கள் என்று அர்த்தம்.
சரியா எண்ணுங்க.

ஒண்ணு.
பக்கத்துல?
ஒண்ணு.
அதுக்கு அடுத்தது?
ஒண்ணுதாம்மா. எல்லாத்துலயும் ஒண்ணு.

அவளை நான் பார்க்கவில்லை. தேடவும் இல்லை.
மூடியைப் போட்டு, மேலே செங்கல் வைத்தேன்.

பிரிட்ஜில் இருக்கும் அடைகளை இன்று வாங்க வேண்டும்.
வஞ்சிர வாடை போக
இரண்டு நாளாவது காற்றாட வைக்க வேண்டும்.