தொடர்ச்சிப் பிழை

பாரிஸிலிருந்து வந்த பையன்
என் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தான்.
பழைய படச்சுருளைக் கழுவித் துடைத்து
கீறல் கீறலாய்த் தூசி எடுப்பது அவன் தொழில்.
"மதாம் வெர்னசால், ஒரு பிழை" என்றான்.
"சிறையில் கிடக்கும்வரை கைதிக்குப் பழுப்புக் கண்.
முகமூடி கழன்றதும் நீலம்."

அறுபது வருஷத்துக்குமேல் ஆயிற்று
இதை ஒருவர் வந்து சொல்ல.

அந்தப் படத்தில் தொடர்ச்சி பார்த்தவள் நான்.
மெழுகுவர்த்தி எவ்வளவு எரிந்தது,
அரசனின் கைக்குட்டை எந்தக் கையில்,
கதவின் தாழ் மேலா கீழா,
எல்லாம் என் நோட்டில் இருக்கும்.

செய்ந்த் மார்கெரித் தீவு, அறுபத்தொன்றின் அக்டோபர்.
நிஜக் கைதிக்குக் கறுப்பு வெல்வெட்தான் என்றும்
ஒரு பேச்சு உண்டு.
வெல்வெட் வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்றார் ஒளிப்பதிவாளர்.
ஆகவே இரும்பு.
இரும்பு கனக்கும், ஆகவே அலுமினியம்.
அலுமினியத்தில் கேமரா தெரிந்தது,
விளக்குக்காரன் சிகரெட் பிடிப்பதும் தெரிந்தது.
ஆகவே அதன்மேல் கரி.

எங்களுக்கு முன் எடுத்தவர்களும் இப்படித்தான்.
ஒருவர் படத்தில் அவன் சாகிறான்.
இன்னொருவர் படத்தில் முடிசூடுகிறான்.
அவனுக்கு அண்ணன், தம்பி, தகப்பன் என்று
உறவைக்கூட மாற்றி மாற்றி எழுதினார்கள்.
மூடியைத் திறந்து
சம்பளம் அதிகம் வாங்குகிறவரின் முகத்தை
உள்ளே வைத்தார்கள்.

எங்கள் நாயகனுக்கு மூடிய இடம் ஆகாது.
அரசனாக அழகாக நடந்தார்.
கைதியாகக் கடைசி நாள் மட்டும் வந்தார்:
பூட்டுத் திறக்க, மூடி விழ,
இடது கன்னத்தில் ஒரு சொட்டு வழிய.

மற்றப் பதினேழு நாளும் உள்ளே இருந்தவன்
ஓனோரா பெலிசியே.
கான் துறைமுகத்தில் படகு கழுவுகிறவன்.
பக்கத்துத் தீவின் பெயர்தான் அவனுக்கும்.
உயரம் பொருந்தியது, தோள் பொருந்தியது.
கண்ணை யாரும் அளக்கவில்லை.

மூன்றாம் நாள், நெருக்கக் காட்சியில் பார்த்தேன்.
துளைக்குள் காப்பித்தூள் நிறத்தில் இரண்டு.
பென்சில் கையில்தான் இருந்தது.
எழுதியிருந்தால் மறுநாள் வேறொருவன்.
நாளுக்கு முப்பது பிராங்க் அவனுக்கு.
மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

முகதாட்சண்யம் என்பார்கள்.
முகமே தெரியாத ஒருவனிடம்
எனக்கு அது வந்தது.

திருகுகளைக் கழற்ற நேரமாகும் என்று
மதியத்தில் குழல் வைத்து சூப் குடிப்பான்.
ஒருநாள் சொன்னான்:
"உள்ளே நன்றாகக் கேட்கிறது.
என் எதிரிலேயே
நான் இல்லாததுபோல் பேசுகிறார்கள்.
தயாரிப்பாளருக்குக் கடன் எவ்வளவு தெரியுமா?"

படம் வந்தபோது மனைவியோடு போனானாம்.
பெயர்ப்பட்டியலில் குதிரைகளின் சொந்தக்காரர் இருந்தார்.
இவன் இல்லை.
கொட்டகையே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க
அவள் ஒருத்தி மட்டும் சத்தமாகச் சிரித்தாளாம்,
கைதி சுவரில் முதுகைச் சொறியும் இடத்தில்.
வீட்டிலும் அப்படித்தான் சொறிவானாம்.

பையன் காத்திருக்கிறான்.
"ஒரு மணி நேர வேலை, மதாம்.
எல்லாக் கண்ணையும் நீலமாக்கிவிடலாம்.
உங்கள் நோட்டில் என்ன இருக்கிறது?"

பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்தேன்.
காட்சி நாற்பத்தொன்று:
மெழுகு இரண்டு விரல். தாழ் கீழே.
இடது திருகு கொஞ்சம் தளர்வு.
கண் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை.

பென்சில் அகப்படவில்லை.
மளிகைக் கணக்கு எழுதும் நீலப் பேனாவால் எழுதினேன்,
கை நடுங்கினாலும் படிக்க முடியும்:
பழுப்பு. சரி.

அவன் நோட்டையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தான்.
காப்பி வேண்டுமா என்று கேட்டேன்.